வாத்தியாரின் சொந்த வாழ்க்கை: திண்ணையிலிருந்து ஸ்டேட்டஸ் வரை

திருவண்ணாமலை மாதிரி ஊரில் ஆசிரியராக இருப்பவருக்கு ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. பௌர்ணமிக்குக் கிரிவலம் போனால் 14 கிலோமீட்டருக்குள் நாலு பேராவது "சார், என்னைத் தெரியுதா? உங்ககிட்ட ஒன்பதாவது படிச்சேன்" என்று நிறுத்துவார்கள். தேரடித் தெருவில் துணி எடுத்தாலும், செங்கம் ரோட்டில் மனை பார்த்தாலும், பையனுக்கு வேறு சாதியில் பெண் எடுத்தாலும் மறுநாள் காலையில் ஸ்டாஃப் ரூமுக்குத் தகவல் வந்துவிடும். சொல்பவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. வாத்தியார் வீட்டு விஷயம் என்றால் ஊர் விஷயம், அவ்வளவுதான்.

இப்போது அந்த ஊர்க்கண்ணோடு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், முகநூல், இன்ஸ்டா ரீல்ஸ் எல்லாம் சேர்ந்துகொண்டன. 'ஆசிரியர் என்ன போடலாம், என்ன போடக்கூடாது' என்று பெற்றோரும் பேசுகிறார்கள், அதிகாரிகளும் பேசுகிறார்கள். செல்போன் வந்ததால் வந்த வினை என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆசிரியரின் சொந்த வாழ்க்கையை யார் பார்க்கலாம், எதுவரை பார்க்கலாம் என்ற கேள்விக்கு நம் பக்கத்தில் இருநூறு வருடக் கதை இருக்கிறது. அந்தக் கதையைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. ஆசிரியரின் கருத்தைக் கட்டிப்போட நம் அரசுகள் காட்டிய அவசரத்தை, ஆசிரியரிடமிருந்து குழந்தையைக் காப்பதில் காட்டவில்லை. அதைச் சொல்வதற்குத்தான் இந்தக் குறிப்பு.

திண்ணைக்கு ஏது சுவர்?

சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் நாட்டுப் பள்ளிகளைப் பற்றிக் கணக்கெடுக்கச் சொன்னார். கலெக்டர்கள் அனுப்பிய கணக்குகளைத் தொகுத்து 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பில், மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று வருகிறது. அதே குறிப்பில் இன்னொரு விஷயமும் உண்டு. ஆசிரியர்களின் மாத வருமானம் பொதுவாக ஆறேழு ரூபாயைத் தாண்டுவதில்லை, இந்தப் பணத்துக்குத் தகுதியானவர்கள் வரமாட்டார்கள் என்கிறார் மன்றோ.

அந்த ஆறேழு ரூபாயும் ஒரே இடத்திலிருந்து வரவில்லை. ஒரு வீட்டில் காசு, ஒரு வீட்டில் நெல், ஒரு வீட்டில் காய்கறி. நவராத்திரி சமயத்தில் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் பாடிப் போனால் வாத்தியாருக்குக் கொஞ்சம் பணமும் ஒரு வேட்டியும் கிடைக்கும். ஊரே படியளக்கும்போது, ஊருக்குத் தெரியாமல் அவர் என்ன சாப்பிட முடியும்? பள்ளிக்கூடமே யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணை. வீடு எங்கே முடிகிறது, பள்ளி எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாத இடம்.

பெரிய வித்துவான்கள் வீட்டிலும் இதே கதைதான். உ.வே.சாமிநாதையர் 1870களின் தொடக்கத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்து, 1876இல் ஆசிரியர் இறக்கும் வரை கூடவே இருந்தார். ஆசிரியரின் சாப்பாடு, கடன் தொல்லை, நோய், கடைசி நாட்கள் எல்லாம் நமக்குத் தெரிவது அந்த மாணவர் பிற்காலத்தில் எழுதிவைத்ததால்தான். ஆசிரியரின் அந்தரங்கத்தை உலகத்துக்குச் சொன்ன முதல் ஆள் மாணவன் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். வித்தியாசம் என்னவென்றால், அவர் பல ஆண்டுகள் கழித்து, அன்போடும் மரியாதையோடும் எழுதினார். இன்றைக்கு அந்த இடைவெளி ஒரு நிமிஷம்கூட இல்லை.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. திண்ணைக் காலத்தில் வாத்தியாரை ஊர் பார்த்தது போலவே வாத்தியாரும் ஊரைப் பார்த்தார். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்தப் பிள்ளை ஏன் வரவில்லை என்று அவருக்குத் தெரியும். பார்வை இரண்டு பக்கமும் போனது. சம்பளம் ஊரிடமிருந்து கம்பெனிக்கும் சர்க்காருக்கும் மாறியபோது, பார்க்கிறவரும் மாறினார்.

ஒன்றே முக்கால் ரூபாயும் ஒரு சுற்றறிக்கையும்

1878 செப்டம்பர் 20ஆம் தேதி சென்னையில் ஒரு பத்திரிகை வெளிவந்தது. திருவல்லிக்கேணியைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் சேர்ந்து, ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி, 80 பிரதிகள் அடித்தார்கள். அதுதான் 'தி இந்து'. ஆறு பேரில் நான்கு பேர் சட்டம் படிக்கும் மாணவர்கள், மற்ற இரண்டு பேர் ஆசிரியர்கள்: ஜி.சுப்பிரமணிய ஐயர், எம்.வீரராகவாச்சாரியார். தி.முத்துசாமி ஐயரை உயர்நீதிமன்ற நீதிபதியாக நியமித்ததை ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் தாக்கின. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பத்திரிகை பிறந்தது. இன்றைய பாஷையில் சொன்னால், இரண்டு வாத்தியார்கள் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் அரசாங்கக் காரியத்தைப் பற்றிப் பொதுவெளியில் 'போஸ்ட்' போட்டார்கள்.

சுப்பிரமணிய ஐயருக்குச் சொந்த வாழ்க்கையில்தான் அடி விழுந்தது. இளம் வயதில் விதவையான தன் மகளுக்கு 1889இல் பம்பாயில் மறுமணம் செய்துவைத்தார். சொந்த சாதியார் அவரை ஒதுக்கிவைத்தார்கள். அரசாங்கம் மகள் கல்யாணத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை, அந்த வேலையை ஊர் பார்த்துக்கொண்டது.

அரசாங்கம் கவலைப்பட்டது வேறு விஷயத்துக்கு. வங்கப் பிரிவினையை ஒட்டிச் சுதேசி இயக்கம் பற்றிக்கொண்ட பிறகு, 1907 மே மாதம், இந்திய அரசின் உள்துறைச் செயலர் ஹெர்பர்ட் ரிஸ்லி மாகாண அரசுகளுக்கெல்லாம் ஒரு கடிதம் அனுப்பினார். ரிஸ்லி சுற்றறிக்கை என்று வரலாற்றில் பேர் வாங்கியது அதுதான். மாணவர்களையும் ஆசிரியர்களையும் அரசியலிலிருந்து விலக்கிவைப்பதுதான் அதன் நோக்கம். ஆசிரியருக்குச் சொந்தக் கருத்து இருக்கலாம், ஆனால் அவர் வெளியில் பேசுவது பள்ளி ஒழுங்கைக் கெடுத்தால் நடவடிக்கை வரும் என்பது அதன் சாரம். தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியத்தையும் அங்கீகாரத்தையும் காட்டி மிரட்டினார்கள். ஆசிரியரைத் தண்டிக்காவிட்டால் பள்ளிக்குப் பணம் வராது. அப்போதிலிருந்து பள்ளி நிர்வாகியே ஆசிரியரைக் கண்காணிக்கும் ஆளாகிவிட்டார்.

அதே 1907இல் நம்ம ஊர் தொடர்புள்ள ஒரு ஆசிரியர் வேலையை விட்டார். காவ்யகண்ட கணபதி முனி. 1903 வாக்கில் திருவண்ணாமலைக்கு வந்தவர், பிறகு வேலூரில் பள்ளி ஆசிரியராக இருந்தார். அங்கே மாணவர்களையும் இளைஞர்களையும் கூட்டி 'இந்திர சங்கம்' என்று ஒன்றை நடத்தினார். மந்திர ஜபத்தின் பலத்தால் நாட்டுக்கு விமோசனம் வரும் என்பது அவர் நம்பிக்கை. 1907இல் வேலையை விட்டுவிட்டுத் திருவண்ணாமலைக்கு வந்து, நவம்பர் 18ஆம் தேதி விரூபாட்ச குகையில் இருந்த பிராமண சுவாமியைச் சந்தித்தார். அவருக்கு ரமண மகரிஷி என்று பேர் வைத்தவர் இந்த முன்னாள் வாத்தியார்தான். சுற்றறிக்கைக்கும் இந்த ராஜினாமாவுக்கும் முடிச்சுப் போட நான் வரவில்லை, தவம் செய்யத்தான் அவர் வேலையை விட்டார். ஆனால் ஒன்றை யோசியுங்கள். பள்ளி முடிந்ததும் மாணவர்களைக் கூட்டி நாட்டு விமோசனம் பேசுகிற ஒரு வாத்தியாரை அந்தச் சுற்றறிக்கை எந்தப் பெட்டியில் போட்டிருக்கும்? பக்தியா, அரசியலா? ஒரு மனிதரின் மாலை நேரத்தை அப்படிப் பிரிக்கவே முடியாது.

'சொந்த வாழ்க்கை இல்லாத' டீச்சர்

பெண் ஆசிரியர்களின் கதை இன்னும் கடினமானது. பெண்கள் படிக்கப் பெண் ஆசிரியர் வேண்டும், ஆனால் கல்யாணமான பெண் வேலைக்குப் போவதை நம் சமூகம் ஏற்கவில்லை. யார் மிச்சம்? மதராஸில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: இளம் விதவைகள். சகோதரி ஆர்.எஸ்.சுப்புலட்சுமி (1886–1969) குழந்தைத் திருமணமாகிச் சிறு வயதிலேயே விதவையானவர், 1911இல் பட்டம் பெற்றார். 1912இல் சாரதா ஆசிரமத்தைத் தொடங்கி இளம் விதவைகளைப் படிக்கவைத்தார். பலர் ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள். எத்தனையோ குடும்பங்களுக்கு அது மறுவாழ்வு, அதில் சந்தேகமில்லை.

ஆனால் ஊர் அவர்களை டீச்சராக ஏற்றுக்கொண்டதற்குப் பின்னால் ஒரு கசப்பான கணக்கும் இருந்தது. விதவைக்குச் 'சொந்த வாழ்க்கை' என்று ஒன்று கிடையாது, ஆகவே அவரை நம்பிப் பிள்ளையை அனுப்பலாம். சுப்புலட்சுமியே அரசு வேலையில் இருந்ததால், 1917இல் அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தில் முறைப்படி உறுப்பினராகச் சேர முடியவில்லை. ஊருக்காகச் சொந்த வாழ்க்கையை விட வேண்டும், சர்க்காருக்காகப் பொது வாழ்க்கையையும் விட வேண்டும். மிஞ்சியது வகுப்பறை மட்டும்.

இது நம் நாட்டுக் கோளாறு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தில் கல்யாணம் செய்துகொண்டால் டீச்சர் வேலை போய்விடும் என்ற தடையை 1944 கல்விச் சட்டம்தான் நீக்கியது. நமக்கு விதவை, அவர்களுக்குக் கன்னி. இரண்டு இடத்திலும் நல்ல டீச்சர் என்றால் குடும்பம் இல்லாத டீச்சர்.

இதன் வால் இன்னும் அறுந்துவிடவில்லை. அரசுப் பள்ளிப் பெண் ஆசிரியர்கள் சேலை கட்ட வேண்டுமா, சுடிதார் போடலாமா என்று தமிழ்நாட்டில் 2023இல்கூட அமைச்சர் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. ஆண் ஆசிரியரின் சட்டையைப் பற்றி யாரும் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

மானேஜர், சேர்மன், சர்க்கார்

திருவண்ணாமலை தாலுகா 1911 வரை தென்னார்க்காட்டில் இருந்தது, பிறகு வடஆர்க்காட்டுக்குப் போனது, 1989 செப்டம்பர் 30இல் தனி மாவட்டமானது. எந்த மாவட்டமானாலும் இங்கே ஆசிரியருக்கு முதலாளி மூன்று வகை. டேனிஷ் மிஷன் போன்ற திருச்சபைப் பள்ளிகள், தனியார் மானேஜர் நடத்தும் உதவி பெறும் பள்ளிகள், ஜில்லா போர்டு மற்றும் நகராட்சிப் பள்ளிகள்.

மிஷன் பள்ளிகளில் வார நாளில் வாத்தியாராக இருப்பவரே ஞாயிற்றுக்கிழமை உபதேசியாராகவும் இருப்பது தென்னிந்தியாவில் சகஜம். அவர் குடிக்கிறாரா, யாரைக் கட்டுகிறார் என்பதெல்லாம் சபையின் கேள்வி. தனியார் மானேஜர் பள்ளிகளில் வேறு மாதிரி. முழுச் சம்பளத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பாதிப் பணம் கொடுத்த கதைகளை ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இன்றும் சொல்வார்கள். மானேஜர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தி பரிமாறப் போன கதையும் சேர்ந்து வரும். 1973இல் வந்த தமிழ்நாடு தனியார் பள்ளிகள் (முறைப்படுத்துதல்) சட்டம், கல்வித் துறையின் முன்அனுமதி இல்லாமல் ஆசிரியரை வேலையை விட்டு அனுப்ப முடியாது என்று ஆக்கியது. அந்த ஒரு பிரிவு எத்தனையோ குடும்பங்களுக்குத் தூக்கம் கொடுத்தது.

கிராமத் தொடக்கப்பள்ளிகள் 1958 ஊராட்சிச் சட்டத்துக்குப் பிறகு ஊராட்சி ஒன்றியங்களின் கைக்கு வந்தன. ஒன்றிய சேர்மன்தான் இப்போது கண்காணிப்பாளர். எந்தக் கட்சிக் கூட்டத்தில் ஆசிரியர் நின்றார், எந்தத் தெருவில் குடியிருக்கிறார், யாரோடு டீ குடிக்கிறார் எல்லாம் மாறுதல் உத்தரவாக மாறக்கூடிய காலம். ஆகவே 1981 ஜூன் 1 முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்களை அரசு ஊழியர்களாக எம்.ஜி.ஆர். அரசு ஆக்கியபோது அது பெரிய விடுதலையாகத் தெரிந்தது. விடுதலைதான். சம்பளம் நிச்சயம், ஓய்வூதியம் நிச்சயம், சேர்மன் வீட்டு வாசலில் நிற்க வேண்டியதில்லை.

கூடவே இன்னொன்றும் வந்தது. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973. வீடு, நிலம் வாங்கினால் துறைக்குச் சொல்ல வேண்டும். முதல் மனைவி இருக்க இரண்டாம் கல்யாணம் கூடாது. வரதட்சணை கூடாது. கட்சி அரசியல் கூடாது. வானொலியிலோ அச்சிலோ அரசின் கொள்கையைக் குறை சொல்லக் கூடாது. இந்தப் பட்டியலில் நல்லதும் இருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். வரதட்சணை, இருதார விதிகள் எத்தனையோ பெண்களுக்குக் கைகொடுத்திருக்கின்றன. ஆனால் மனைவியை ஏமாற்றுவதும் அரசை விமர்சிப்பதும் ஒரே பட்டியலில், ஒரே தொனியில் 'தவறான நடத்தை' ஆகிவிட்டன. அதுதான் உறுத்துகிறது.

ஒரு வேடிக்கையும் உண்டு. நம் அரசமைப்புச் சட்டத்தின் 171ஆம் பிரிவு, மேலவை உள்ள மாநிலங்களில் பன்னிரண்டில் ஒரு பங்கு உறுப்பினர்களை ஆசிரியர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது. உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத நிறுவனங்களின் ஆசிரியர்களுக்கு அந்த ஓட்டு. தமிழ்நாட்டில் 1986 நவம்பர் 1இல் மேலவை ஒழியும் வரை அது இருந்தது. ஒரு பக்கம் ஆசிரியரின் அரசியல் அறிவு தேவை என்று தனித்தொகுதி, மறுபக்கம் அரசியல் பேசினால் மெமோ.

கோர்ட்டு என்ன சொன்னது?

அரசு ஊழியர் ஆர்ப்பாட்டமே செய்யக்கூடாது என்ற பீகார் விதியை உச்சநீதிமன்றம் 1962இல் காமேஷ்வர் பிரசாத் வழக்கில் செல்லாது என்றது. வேலைக்குச் சேர்ந்ததால் குடிமகனுக்குரிய உரிமை போய்விடாது என்பது அதன் அடிப்படை. ஆனால் வேலைநிறுத்தம் உரிமை இல்லை என்றும் சேர்த்தே சொன்னது.

1983இல் வந்த ராமசங்கர் ரகுவன்ஷி வழக்கு நேரடியாக ஓர் ஆசிரியரைப் பற்றியது. மத்தியப் பிரதேசத்தில் நகராட்சிப் பள்ளியை அரசு எடுத்துக்கொண்டபோது அவரும் அரசு வேலைக்கு மாறினார். முன்பு ஆர்.எஸ்.எஸ்., ஜனசங்க வேலைகளில் இருந்தார் என்று போலீஸ் அறிக்கை வந்ததும் 1974இல் வேலை போனது. நீதிபதி சின்னப்ப ரெட்டி அந்த உத்தரவு செல்லாது என்றார். பழைய அரசியல் தொடர்பைத் தோண்டி எடுத்து ஒருவரின் பிழைப்பைக் கெடுப்பது நம் அரசமைப்புக்கு ஒவ்வாது என்பது தீர்ப்பின் உயிர். அந்த ஆசிரியரின் அரசியல் நமக்குப் பிடிக்கிறதா இல்லையா என்பது இங்கே கேள்வியே இல்லை. நமக்குப் பிடிக்காத கருத்துள்ளவருக்கும் இந்தப் பாதுகாப்பு இருந்தால்தான் அது பாதுகாப்பு.

அமெரிக்காவில் இதற்கு இணையான வழக்கு 1968இல் முடிந்தது. பிக்கரிங் என்ற ஆசிரியர், பள்ளி வாரியம் வரிப்பணத்தைச் செலவிடும் விதத்தைக் குறை சொல்லி உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். வேலை போனது. பொது விஷயத்தில் ஆசிரியர் ஒரு குடிமகனாகப் பேசலாம் என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. பள்ளிப் பணம் எங்கே போகிறது என்று உள்ளே இருப்பவருக்குத்தானே தெரியும், அவர் வாயைக் கட்டினால் ஊருக்குத்தான் நஷ்டம்.

நம் ஊருக்கு 2003இல் பெரிய அடி விழுந்தது. ஜூலையில் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது, சுமார் 1.7 லட்சம் பேரைத் தமிழ்நாடு அரசு ஒரே வீச்சில் வேலையை விட்டு நீக்கியது. ஆகஸ்ட் 6ஆம் தேதி டி.கே.ரங்கராஜன் வழக்கில், வேலைநிறுத்தம் செய்ய எந்த உரிமையும் இல்லை என்று உச்சநீதிமன்றம் சொன்னது. மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக்கொடுத்துப் பெரும்பாலானவர்கள் திரும்பினார்கள். 'டெஸ்மா' என்ற வார்த்தை வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும்கூடத் தெரிந்தது அப்போதுதான். அந்தத் தலைமுறை ஆசிரியர்கள் இன்றும் எதிலும் கையெழுத்துப் போடுமுன் இரண்டு தடவை யோசிப்பதற்கு இது ஒரு காரணம்.

முகநூலில் ஒரு மரண அறிவிப்பு

சமூக ஊடகமும் ஆசிரியரும் என்று பேசும்போது தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வர வேண்டியது 2015 ஜனவரி. பெருமாள்முருகன் நாமக்கல் அரசுக் கல்லூரியில் தமிழ் ஆசிரியர். 2010இல் வந்த 'மாதொருபாகன்' நாவலை எதிர்த்துத் திருச்செங்கோட்டில் கடையடைப்பு வரை போனது. ஜனவரி 12இல் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பிறகு, எழுத்தாளர் இறந்துவிட்டார், இனி பெ.முருகன் என்ற ஆசிரியர் மட்டும்தான் உயிரோடு இருப்பார் என்ற பொருளில் முகநூலில் ஓர் அறிவிப்பு போட்டார். பிறகு குடும்பத்தோடு சென்னைக்கு மாறுதல் வாங்கிப் போக வேண்டியதாயிற்று. 2016 ஜூலை 5இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர் எழுத்துரிமையை நிலைநாட்டியது.

அந்த அறிவிப்பை வழக்கமாகக் கருத்துச் சுதந்திரக் கதையாகப் படிக்கிறோம். ஆசிரியர்களின் வரலாறாகவும் படிக்கலாம். ஒரு மனிதர் தன்னை இரண்டாக வெட்டிக்கொள்கிறார். ஊர் ஏற்றுக்கொள்ளும் பாதி ஆசிரியர், ஏற்றுக்கொள்ளாத பாதி எழுத்தாளர். சாரதா ஆசிரமத்து டீச்சர்களிடம் ஊர் கேட்டதும் கிட்டத்தட்ட இதுதான்: வகுப்பறையில் இருக்கும் பாதியை மட்டும் உயிரோடு வைத்துக்கொள்.

அதன் பிறகு வரிசையாக வந்தன. திரிபுராவில் மீன்வளத் துறை ஊழியர் ஒருவர் அரசியல் கூட்டத்துக்குப் போனதற்கும் முகநூல் பதிவுக்கும் ஓய்வுக்குச் சில நாள் முன்பு தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். 2020 ஜனவரியில் அங்குள்ள உயர்நீதிமன்றம், அரசு ஊழியருக்கும் பேச்சுரிமை உண்டு, கூட்டத்துக்குப் போவதும் அரசியலில் பங்கெடுப்பதும் ஒன்றல்ல என்றது. கொல்கத்தாவில் ஒரு தனியார் பல்கலைக்கழகப் பேராசிரியை, தன் சொந்த இன்ஸ்டாகிராம் படங்களை ஒரு மாணவன் பார்த்ததாக அப்பா புகார் கொடுத்ததால் தன்னை ராஜினாமா செய்யவைத்தார்கள் என்று 2022இல் வெளியே சொன்னார். அவராகத்தான் போனார் என்றது பல்கலைக்கழகம். செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை கல்வித் துறைத் திட்டங்களை முகநூலில் விமர்சித்ததற்காக 2024 மார்ச்சில் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். 1907இல் பொதுக்கூட்டம், 1973இல் வானொலி, 2024இல் முகநூல். ஊடகம் மாறியது, வாசகம் மாறவில்லை.

இதில் ஒரு நியாயமின்மை இருக்கிறது. இதே துறைதான் ஆசிரியரின் சொந்த செல்போனை ஆபீஸாக மாற்றியது. வருகைப் பதிவு ஆப், எமிஸ் விவரங்கள், ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் 'உடனே அனுப்பவும்' என்று ஒரு படிவம். போன் அவருடையது, டேட்டா அவர் காசு. கொரோனாக் காலத்தில் பாடமே அதில்தான் நடந்தது. ஆடிப் பாடிப் பாடம் நடத்தும் வீடியோ வைரலானால் அதே துறை பாராட்டிப் பகிர்கிறது. 'கட்டடத்தில் ஓதம் அடிக்குது' என்று படம் போட்டால் மட்டும் நடத்தை விதி ஞாபகத்துக்கு வருகிறது.

குழந்தைக்கு என்ன ஆச்சு?

இவ்வளவு விதிகளில் குழந்தை எங்கே? பொதுவான குற்றச் சட்டம் எப்போதும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஆசிரியர் என்ற பதவியைக் குறிவைத்துக் கடுமையான சட்டம் வந்தது 2012இல்தான். அந்த ஆண்டு மே மாதம் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அரசாணை 121, மாணவர்களிடம் பாலியல் அத்துமீறல் செய்த ஆசிரியர்களுக்குக் கட்டாய ஓய்வு முதல் பணிநீக்கம் வரை தண்டனையும், கல்விச் சான்றிதழை ரத்து செய்யவும் வழி சொன்னது. அதே ஆண்டு நவம்பர் 14இல் நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டம், பள்ளியில் பணியாற்றுபவர் செய்யும் குற்றத்தைக் கூடுதல் கடுமையானதாக வைத்தது. தெரிந்தும் புகார் சொல்லாமல் மறைப்பதையும் குற்றமாக்கியது. ரிஸ்லி சுற்றறிக்கைக்கும் அரசாணை 121க்கும் நடுவே 105 வருடம்.

2021 மே மாதம், ஆன்லைன் வகுப்பில் ஓர் ஆசிரியரின் நடத்தை பற்றிச் சென்னையில் புகார் வெடித்த பிறகுதான், ஆன்லைன் வகுப்புகளைப் பதிவு செய்ய வேண்டும் என்ற உத்தரவெல்லாம் வந்தது. அப்போதும் முன்னாள் மாணவிகள் சமூக ஊடகத்தில் எழுதியதால்தான் விஷயம் வெளியே வந்தது. நிர்வாகங்கள் வருடக்கணக்கில் பார்க்காததை அந்தப் பெண்கள் சில நாட்களில் ஊருக்குக் காட்டினார்கள்.

ஆகவே எந்தப் பதிவைப் பற்றி யார் புகார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இதனால் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு என்ன? டீச்சர் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போன படம் போட்டார். பிள்ளைக்கு ஒன்றுமில்லை. சார் ஓய்வூதியத் திட்டத்தைத் திட்டி எழுதினார். ஒன்றுமில்லை. எழுத்துப் பிழை விட்ட ஒரு சிறுமியை அழவைத்து, அதை ரீல்ஸாகப் போட்டு லைக் வாங்கினார். இங்கே கதையே வேறு. இது ஆசிரியரின் சொந்த வாழ்க்கை இல்லை, அந்தச் சிறுமியின் சொந்த வாழ்க்கை. 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழானவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. நம் பள்ளிகளில் எத்தனை பேர் பெற்றோரைக் கேட்டுவிட்டு வீடியோ எடுக்கிறார்கள்? ராத்திரி பதினோரு மணிக்கு மாணவிக்குத் தனியாக 'சாப்டியா?' என்று அனுப்பும் மெசேஜும் இந்தப் பக்கம்தான் வரும்.

கஷ்டமான இடம் ஒன்று இருக்கிறது: சாதி. 2023 ஜனவரியில் இந்த மாவட்டத்துத் தென்முடியனூரில், பல பத்தாண்டுகளாக உள்ளே விடப்படாத தலித் மக்கள் அதிகாரிகள், போலீஸ் பாதுகாப்போடு முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போனார்கள். அந்த மாதிரி ஓர் ஊரில், அந்த மாதிரி ஒரு நாளில், பள்ளி ஆசிரியர் ஒருவர் தன் சாதிப் பெருமையை ஸ்டேட்டஸாக வைத்தால்? அவர் கருத்து, அவர் போன். ஆனால் மறுநாள் அந்தத் தெருப் பிள்ளை அவர் வகுப்பில்தான் உட்கார வேண்டும், அவர் கையில்தான் விடைத்தாள். நாங்குநேரியில் மாணவன் வெட்டப்பட்ட பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், ஒரு பகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரை அங்கேயே தலைமை ஆசிரியராகப் போட வேண்டாம் என்றது. அதன் பின்னால் இருக்கும் எண்ணம் இதுதான்: ஆசிரியரின் சாதி வீட்டோடு நிற்பதில்லை, பிள்ளையின் மேல் வந்து விழுகிறது. அரசை விமர்சிக்கும் பதிவுக்கும் பிள்ளையை இழிவு செய்யும் பதிவுக்கும் உள்ள வித்தியாசம் இங்கே தெளிவாகிறது. முதலாவதில் எதிரே இருப்பது ஒரு துறை, அதற்குப் பதில் சொல்ல அதிகாரிகள் உண்டு. இரண்டாவதில் எதிரே இருப்பது பத்து வயதுப் பிள்ளை.

நடத்தை விதிகளை மாற்றி எழுதும் நாள் வந்தால் இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். பிள்ளையின் படம், பிள்ளையோடு தனி உரையாடல், பிள்ளையின் சாதி, உடல், மதிப்பெண் பற்றிய பேச்சு ஒரு பக்கம். அங்கே விதி எவ்வளவு கடுமையாக இருந்தாலும் சரி. ஆசிரியரின் கல்யாணம், உடை, நம்பிக்கை, அரசைப் பற்றிய அபிப்பிராயம் மறுபக்கம். அங்கே 1907இன் நிழல் இனி வேண்டாம்.

அடுத்த குறிப்பில் 1981க்கு முந்தைய ஒன்றியப் பள்ளி மெமோக்களைப் பற்றி மட்டும் எழுதலாம் என்றிருக்கிறேன். உங்கள் வீட்டில் ஓய்வு பெற்ற ஆசிரியர் இருந்தால், அவர் பழைய டிரங்குப் பெட்டியில் 'தங்கள் நடத்தை குறித்து விளக்கம் கோரப்படுகிறது' என்கிற மாதிரி ஒரு காகிதம் கிடக்கும். எதற்காக விளக்கம் கேட்டார்கள் என்று ஒருமுறை அவரையே கேட்டுப் பாருங்கள். ஒரு நோட்டில் எழுதியும் வையுங்கள், அந்தக் கதைகள் எந்த கெஜட்டிலும் ஏறவில்லை.